எனக்கு மூத்த தங்கச்சி

ஒரு சிரிப்பு தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் இந்தக் கதையை ஆரம்பிக்கிறேன், ஆனால் அதை இப்போது தரமாட்டேன், ஏனென்றால் ஏமாந்த ஆளுக்கு விஷயம் விளங்குகிற நிமிஷத்தில்தான் அந்தச் சிரிப்பு பழுக்கும், முன்னாலேயே பறித்தால் புளிக்கும். ஏமாந்தது யார் என்று கேட்காதீர்கள், மாடத்தி சித்தியாக இருக்கலாம், டாக்டரம்மாவாக இருக்கலாம், இதை வாசித்துக்கொண்டிருக்கிற நீங்களாகக்கூட இருக்கலாம், அதனால் பேசாமல் கூடவே வாருங்கள்.

என் பெயர் முத்தரசி. பண்டாரப்பாறை மேலத்தெருவில் எந்த வீட்டில் என் பெயரைச் சொன்னாலும் முதலில் திட்டுவார்கள், அப்புறம்தான் உட்காரச் சொல்லுவார்கள், ஏனென்றால் எனக்குக் குரல்கள் வரும். பால்காரரின் செருமல் வரும், தென்காசி பஸ் கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு அடிக்கிற விசில் வரும், ஹெட்மாஸ்டர் வருவார், ஹெட்மாஸ்டரை அவர் வீட்டம்மா கூப்பிடுகிற குரல் அதைவிட நன்றாக வரும், கோழி வரும், கோழியைத் துரத்துகிற ஆளும் பின்னாலேயே வருவார். ஆனால் நான் இப்போது சொல்லப்போகிற குரல் என்னுடையது இல்லை. இதை நீங்களாவது நம்புங்கள், தெரு நம்பவில்லை.

எங்கள் அம்மா தங்கபுஷ்பத்துக்கு நாற்பத்தைந்து வயது நடந்தது. எங்கள் தெருப் பெண்கள் எல்லாரையும் போல மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்து, இலையை வெட்டி, தூளை வைத்து, நூலைக் கட்டிப் பீடி சுற்றுகிறவள். அந்தக் கோடையில் அவளுக்குத் தீட்டு நின்றது. தெரு கூடிப் பேசி, இது நின்றுபோகிற வயதுதான், சிலருக்குக் கொஞ்சம் முந்தி வரும் என்று தீர்மானித்தது, தீர்மானித்ததோடு விடாமல், இனிமேல் இடுப்பெலும்பு தேயுமே என்று வீட்டுக்கு ஒரு நாள் முறைவைத்து உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மிதக்க மிதக்க அவளுக்கு ஊட்டியது. அம்மா பருத்தாள், வயிறு கூடுதலாகப் பருத்தது. களி வேலை செய்கிறது என்று மாடத்தி சித்தி பெருமைப்பட்டாள். சித்தி என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரி, அம்மாவும் அவளும் ஒரே வருஷம் பிறந்து ஒரே நாளில் சொளவு பிடித்தவர்கள். சித்தியின் களிக்குப் பேர் பரவி, கீழத்தெருவிலும் இரண்டு பேர் தின்ன ஆரம்பித்தார்கள்.

அப்புறம் ஒரு மத்தியானம், எங்கள் வீட்டு முன்னறையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கத்தரி ஓசையும் இலை ஓசையும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சித்தி களிச்சட்டியின் மூடியைத் திறந்தாள், அம்மாவின் சொளவுக்குக் கீழேயிருந்து, குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி ஒரு குரல், "இன்னைக்கும் களிதானா?" என்று கேட்டது.

யாரும் அலறவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். சித்தி எழுந்து வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு சோதித்துப் பார்த்துவிடலாம் என்று என் வாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, துப்பாமல் நிற்கச் சொன்னாள். நான் கன்னம் உப்ப நின்றேன். குரல் மறுபடி வந்தது. "அவள என்னத்துக்கு அடிக்கிய? கேட்டது நாந்தான். எண்ணெயக் கொஞ்சம் கொறச்சு ஊத்துங்க" என்றது. சித்தி களிச்சட்டியைப் பார்த்தாள், அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள், விரலை மடக்கி மாதங்களை ஓட்டிப் பார்த்தாள், "அப்ப இது களி இல்ல" என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்ட பீடியை எடுத்து மிச்சத்தைச் சுற்றினாள். அம்மா மட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற மகளை எதிரில் நிறுத்திக்கொண்டு இந்த வயிற்றை எங்கே கொண்டு ஒளிக்கப்போகிறோம் என்று, முந்தானையால் முதலில் வயிற்றையும் அப்புறம் முகத்தையும் மூடினாள்.

கிராம சுகாதார நர்ஸ் எஸ்தரக்கா அன்று சாயங்காலமே வந்துவிட்டார். அம்மாவின் கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார், வயிற்றில் குழலை வைத்துக் கேட்டார், உள்ளேயிருந்து "வணக்கம்" என்று வந்த பதிலுக்கு வணக்கம் சொன்னார். பிறகு அம்மாவிடம் ஒளிக்காமல் பேசினார்: இந்த வயதில் பிள்ளை உண்டாவதில் வெட்கமில்லை, நல்லபடியாகப் பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் வயது கூடக்கூட ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் எட்டிப் பார்க்கும், நஞ்சுக்கொடி கீழே இறங்கி வாசலை அடைத்து உட்காரலாம், வலி வந்தாலும் கர்ப்பப்பை சீக்கிரம் களைத்துப்போகலாம், நாள் கடந்தால் உள்ளே இருக்கிற பிள்ளைக்கும் ஆகாது, அதனால் சொன்ன தேதியில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், புகையிலைத் தூள் பக்கம் இனித் தலைவைத்துப் படுக்கக்கூடாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வயிறு ஒரு சந்தேகம் கேட்டது. அம்மாவுக்கு மட்டும் ஏன் வயதைச் சொல்கிறீர்கள், எனக்கும் அதே வயதுதானே, அவள் பிறக்கும்போதே நானும் உள்ளே இருந்தேனே என்றது.

எஸ்தரக்கா யோசித்துவிட்டு, அது சரிதான் என்று ஒத்துக்கொண்டார். "பொம்பளப் பிள்ளைக்கு முட்டையெல்லாம் அவ பெறக்க முன்னாடியே உள்ள வந்துரும், பொறவு புதுசா ஒண்ணும் உண்டாவாது. தாய்க்கு எத்தன வயசோ அதுக்கும் அத்தன வயசு. அதாலதாம்மா நாங்க கூடுதலாப் பாக்கது" என்றார். வயிறு உற்சாகமாகி, நான் பொம்பளப் பிள்ளை என்று ஆரம்பிக்கவும் எஸ்தரக்கா காதைப் பொத்திக்கொண்டார். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று வெளியே சொல்வது சட்டப்படி குற்றம், தயவுசெய்து என் முன்னால் சொல்லாதே என்று கெஞ்சிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் அவர் வருகிற நாட்களில் வயிறு தன்னை "நான்" என்று மட்டும் சொல்லிக்கொள்ளும்.

என்னிடம் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. முதல் நாளே சண்டை வந்தது. அவள் என் தங்கச்சி என்றேன் நான். தான்தான் அக்கா, எத்தனையோ வருஷமாக வரிசையில் நிற்கிறேன், வரிசையைப் பார்க்காமல் இடித்துத் தள்ளிக்கொண்டு எனக்கு முன்னால் போனவள் நீ என்றாள் அவள். நானும் உன்கூடத்தானே உள்ளே இருந்தேன், எனக்கும் உன் வயதுதானே என்று நான் மடக்கினால், வெளியே போன அன்றைக்கு உன் கணக்கு அழிந்துபோனது, என் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பாள். அம்மா நடுவில் உட்கார்ந்து, நடுவில் என்ன நடுவில், சண்டையே அவள் உடம்பில்தான், ரெண்டு பேரும் பேசாமல் இருங்கட்டி என்று வயிற்றில் ஒன்றும் என் தலையில் ஒன்றுமாகத் தட்டுவாள், வயிற்றில் மெதுவாக, என் தலையில் நன்றாக.

தெருவுக்கு வந்த சிக்கல் வேறு. நாற்பத்தைந்து வயதாகி இன்னும் பிறக்காத ஒருத்தியை எப்படிக் கூப்பிடுவது? பிள்ளை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வருகிறது, அண்ணி முறையில் மைனி என்று சொல்ல இவர்களுக்கு நாக்கு வரவில்லை; மூன்று நாள் பேசி "உள்ள இருக்கவ" என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டார்கள், சின்னவர்கள் "உள்ள இருக்கவுக" என்றார்கள், அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. அவள் எதையும் பார்த்ததில்லை, கேட்டது மட்டும்தான், ஆனால் கேட்டதில் ஒன்றையும் விட்டதில்லை. நடுத்தெருவில் அண்ணன் தம்பி இருவர் ஒரு சுவரை எழுப்பி இருபுறமும் முகம் திருப்பி வாழ்ந்து வந்தார்கள். அவர்களுடைய அப்பா சாகும்போது என்ன சொன்னார் என்பதுதான் வழக்கு. அன்று அவர் படுக்கையைச் சுற்றி நின்ற கூட்டத்தில் யாரோ இடுப்பில் அம்மாவைக் கைக்குழந்தையாக வைத்திருந்தார்களாம், அம்மா தூங்கியிருக்கிறாள், உள்ளே இருந்தவள் தூங்கவில்லை. கிழவர் சாகும்போது சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர்தான் கேட்டார், யாரும் கொடுக்கவில்லை என்று அவள் சொன்னாள். அன்று இருட்டுவதற்குள் சுவர் இருந்த இடத்தில் செங்கல் குவியல் இருந்தது, அண்ணனும் தம்பியும் அதன்மேல் உட்கார்ந்து ஒரே செம்பில் தண்ணீர் குடித்தார்கள்.

ஆண்கள் கொஞ்ச நாள் எங்கள் வீட்டைக் கடக்கும்போது எதிர்ச்சாரியில் நடந்தார்கள், வாசலில் பொய் சொல்லுகிறவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள், தாழ்த்தினாலும் அவளுக்குக் கேட்கும் என்று தெரிந்ததும் பொய்யையே தாழ்த்தினார்கள். அதற்கப்புறம்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. பெண்கள் ஒவ்வொருத்தராக, மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்து வந்து, அம்மாவின் முன்னால் முழங்காலிட்டு, வயிற்றோடு வாயை வைத்து எதையோ சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவில் பேசுகிறதெல்லாம் பீடிப் புகை மாதிரி மேலே போய்க் கலைந்துவிடும். கேட்டதை வைத்துக்கொள்ள ஒரு காது இருக்கிறது என்று தெரிந்தபோது, பிறந்து மூன்றே நாள் இருந்த மகனுக்குத் தான் மனதுக்குள் வைத்திருந்த பெயரை ஒருத்தி சொன்னாள், ஆசைப்பட்டும் தன்னைக் கட்டிக்கொடுக்காத ஊரின் பெயரை ஒருத்தி சொன்னாள், மாடத்தி சித்தி, எதற்கும் அசையாத சித்தி, வெகுநேரம் வாயை வைத்துக்கொண்டு ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போனாள். உள்ளே இருந்தவள் எல்லாவற்றுக்கும் "ம்" என்று மட்டும் சொல்லுவாள். எந்தக் குரலையும் திருப்பிச் சொல்லிவிடுகிற நான், அந்த "ம்" எனக்கு வருகிறதா என்று பின்வாசலில் நின்று பலமுறை முயன்றேன். வரவில்லை.

அப்பா தவசிக்கனி புனலூரில் பரோட்டாக் கடையில் மாஸ்டர். செய்தி கேட்டு, மகளைப் பார்க்கிற முகம் இல்லாமல் கடைசி பஸ்ஸில் வரலாமா முதல் பஸ்ஸில் வரலாமா என்று யோசித்து, கடைசியில் ஊருக்கு வெளியே இறங்கி வயல்வழியாக வந்து சேர்ந்தார். அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே வயிறு அடையாளம் கண்டுகொண்டு, கல்யாணத்தன்று இரவு இவளுக்குக் கடல் காட்டுகிறேன் என்று சொன்னீர்களே, எந்த வருஷம் என்று கேட்டது. அப்பா அன்று முதல் வயிற்றின் முன்னால் மாமனார் முன்னால் நிற்கிற மாதிரித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நின்றார். அந்த வாரமே திருச்செந்தூருக்குக் கூட்டிப்போனார். அம்மா அலைக்குள் கால் வைத்தபோது உள்ளே இருந்தவள், இது என்னுடைய சத்தம் மாதிரியே இருக்கிறது என்றாளாம்.

ஏழாம் மாதம் வளையல் பூட்டுகிற பேச்சு வந்தது. தலைப்பிள்ளைக்குத்தானே வளைகாப்பு, வளர்ந்த மகள் இருக்கிறவளுக்கு ஏது என்று தெரு தயங்கியது. வயிறு விடவில்லை. தலைப்பிள்ளை நான்தான், முத்தரசிக்கென்று பூட்டிய வளையலை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன், எனக்கு வேண்டியது எனக்கு வேண்டும் என்று அழிச்சாட்டியம் செய்தது. சரி என்று தெரு முழுக்கத் திரண்டு வந்து, நரை கண்ட அம்மாவை மணையில் உட்காரவைத்து, சந்தனம் பூசி, முழங்கை வரை கண்ணாடி வளையல் ஏற்றியது. அம்மா வெட்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டே மெல்லக் கையை ஆட்டினாள். வளையல் சத்தம் உள்ளே இறங்கிப் போகப் போக அவள் வயிற்றுத் தோல் குளத்துத் தண்ணீர் மாதிரி வட்டவட்டமாகச் சிலிர்த்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அந்த நேரத்தில் நான்கூட எந்தக் குரலும் எடுக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. அம்மாவின் கால் வீங்கியது, விரலால் அழுத்தினால் குழி எழும்ப மறுத்தது. எஸ்தரக்கா பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு முன்னைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், மாத்திரையைக் கூட்டினார், தேதியை முன்னால் இழுத்தார். அன்று மத்தியானம் அம்மா அசந்து தூங்கினபோது நான் வயிற்றின் பக்கத்தில் படுத்து, எப்போதும்போல், எப்படி மூத்தவளே வெளியே வர மூட்டை கட்டியாச்சா என்று சீண்டினேன். அவள் சண்டைக்கு வரவில்லை.

"நான் வரல முத்தரசி" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். மழைச் சத்தத்துக்கு நடுவில், அம்மாவின் மூச்சு ஏறி இறங்குகிற வேகத்துக்கே அவள் சொன்னாள். வெளியே வந்தால் முதல் மூச்சில் எல்லாம் மறந்துபோகும், உனக்கு மறந்த மாதிரி. அப்புறம் அம்மாவை, இவள் வாழ்ந்ததை யார் ஞாபகத்தில் வைத்திருப்பது? உனக்கும் எனக்கும் நடுவில் இரண்டு பேர் பாதியில் எழுந்து போனார்கள், அவர்கள் இருந்ததை அவளும் நானும் தவிர யாரும் அறியார். உன் வயதில் இவள் ஒரு நாள் இலைக்கட்டோடு வரும்போது, ஓடைப்பாலத்தில் கட்டை இறக்கி வைத்துவிட்டு, யாரும் இல்லை என்று சுற்றிப் பார்த்துவிட்டு ஆடினாள், என்ன ஆட்டம் என்கிறாய், என்னைச் சுவரோடு மோதினாள், அப்புறம் கட்டைத் தூக்கிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி வீட்டுக்கு வந்தாள். அவளுக்கே அது மறந்துவிட்டது. நானும் மறந்தால் அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

நான் எழுந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வாயைக் கொஞ்சம் திறந்து, மூக்குத்தியின் கல் மங்கி, நெற்றியில் வியர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பாலத்தில் ஆடிய அந்தப் பெண்ணை அந்த முகத்தில் தேடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன், மழை விட்டதுகூடத் தெரியவில்லை.

சொன்ன தேதியில் எஸ்தரக்காவையும் மாடத்தி சித்தியையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருக்கலாம். வயிற்றில் இருப்பவள் தன்னைவிடப் பெரியவள் என்பதால் "நீங்க, வாங்க" என்றுதான் பேசினார். வலி வருவதற்கு மருந்து ஏற்றினார்கள். வலி வந்தது, தெருமுனை வரை வந்து திரும்பிப் போகிற நாய் மாதிரி வந்து வந்து திரும்பியது. ரத்த அழுத்தம் ஏறியது. டாக்டரம்மா எங்களை வெளியே கூப்பிட்டு அப்பாவிடம் நேராகச் சொன்னார்: வழி நன்றாகத் திறந்திருக்கிறது, பிள்ளையின் தலையும் இறங்கியிருக்கிறது, ஆனால் கர்ப்பப்பை களைத்துவிட்டது, அம்மாவின் அழுத்தம் எனக்குப் பிடிக்கவில்லை, அறுவைக்கு எல்லாம் தயாராக இருக்கிறது, இந்த நிலையில் அதிலும் ஆபத்து உண்டு, இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பேன், அதற்குமேல் அம்மாவைப் பணயம் வைக்க மாட்டேன். பிறகு உள்ளே போய் வயிற்றின்மேல் கையை வைத்து, மேடம், கொஞ்சம் ஒத்துழைப்புக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். முடியாது, முத்தரசியைக் கூப்பிடுங்கள், அவளோடு சண்டை போட்டால் நேரம் போகும் என்று பதில் வந்தது. துணைக்கு இருந்த மாடத்தி சித்தி ஏற்கெனவே முகம் வெளுத்துச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா எனக்கு ஒரு பச்சை அங்கியை மாட்டிவிட்டு உள்ளே விட்டார்.

அம்மா என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள். உதடு காய்ந்திருந்தது. என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஏட்டி, உன் வித்தையக் காட்டு" என்றாள். "இன்னைக்கு அடிக்க மாட்டேன்."

இந்த இடத்தில் கதையை நிறுத்திப் பீடிக்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா அங்கே அப்படிக் கிடக்கும்போது பீடிக்கடை என்னத்துக்கு என்று நீங்கள் பல்லைக் கடிப்பது தெரிகிறது, கடியுங்கள். சாயங்காலம் ஆனால் கணக்கர் ஆவுடையப்பன் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கி, மூக்கால் ஒருதரம் உறிஞ்சி, பெயர் பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவள் சுற்றிய பீடிக்கட்டோடு நேரில் நிற்க வேண்டும். அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டால் எடுக்க மாட்டார். கூப்பிட்டபோது இல்லாதவளுக்கு மறுநாள் சுற்ற இலை கிடையாது, அவள் சும்மா உட்கார்ந்து மற்றவர்கள் சுற்றுவதைப் பார்க்க வேண்டியதுதான். அம்மா பாவாடை கட்டிய காலத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. அந்தக் குரல் காதில் விழுந்தால் போதும், காய்ச்சலில் கிடந்தவள் எழுவாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றியவள் ஈரத்தோடு ஓடுவாள், இழவு வீட்டில் ஒப்பாரி வைத்தவள் பாதி வரியில் நிறுத்திவிட்டு ஓடுவாள். எங்கள் தெருப் பெண்களின் முழங்காலுக்கு அது தெரியும், அறிவு போய்ச் சேருவதற்கு முன்னால் உடம்பு போய் நின்றுவிடும். உள்ளே இருந்தவள் அத்தனை வருஷமும் அம்மாவோடு ஓடியவள்.

நான் அம்மாவின் வயிற்றருகே குனிந்தேன். முதலில் ஷட்டரைத் தூக்கினேன், துருப்பிடித்த தகரம் கிரீச்சென்று பாதியில் நின்றது. மூக்கை உறிஞ்சினேன். சுவரோரம் இருந்த மாடத்தி சித்தி விருட்டென்று எழுந்து நின்றாள். ஆவுடையப்பன் என் தொண்டையிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார். வேலம்மா என்றார், இந்தா இருக்கேன் என்றாள் வேலம்மா. பிரமாச்சி என்றார், அவள் இருமிக்கொண்டே வந்தாள். பெயருக்குப் பெயர் நான் செருப்பை இழுத்து நடந்தேன், கட்டைத் தொப்பென்று போட்டேன், இடிக்காதட்டி என்று முணுமுணுத்தேன், தெரு முழுவதும் அந்த அறைக்குள் வந்து வரிசையில் நின்றது. மாடத்தி என்றார். சித்தி நிஜமாகவே "இருக்கேன் கணக்கரே" என்றாள். தங்கபுஷ்பம் என்றார்.

"இருக்கேன்" என்றாள் அம்மா. அவள் முழங்கால் இரண்டும் தானாக மடங்கி உயர்ந்தன, இடுப்பு கட்டிலைவிட்டு எழும்பப் பார்த்தது, எங்கோ திரும்பிப் போயிருந்த வலி முழுதாக, பெரிதாக, கதவை உடைத்துக்கொண்டு வந்தது. டாக்டரம்மா எஸ்தரக்காவைப் பார்த்துத் தலையை அசைத்தார். நிறுத்தாதே என்று எனக்குக் கைகாட்டினார்.

ஆவுடையப்பன் கடைசிப் பெயரையும் கூப்பிட்டு முடித்தார். வேற ஆரும் உண்டா, அடைக்கப் போறேன் என்றார். ஷட்டர் மெதுவாக இறங்கத் தொடங்கியது, ஒவ்வொரு தகடாக இறக்கினேன்.

"எம் பேரக் கூப்பிடலையே" என்றது வயிறு.

மூக்கை உறிஞ்சினேன். "பேரு இல்லாதவள நான் என்னன்னு கூப்பிடுதது? எல்லாவளும் போயாச்சு. நீ இருக்கியன்னா வெளிய வந்து நில்லு. நேர்ல நிக்காதவளுக்கு இங்க ஒண்ணும் கெடையாது."

ஷட்டரை மட்டும் இறக்கினேன். எத்தனை மாதங்கள், எத்தனை வருஷங்கள், மற்றவர்கள் எழுந்து போகப் போக வரிசையில் பின்தங்கி நின்றவள், கடை அடைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே தனியாக நின்றாள். அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளுக்காகவும் சேர்த்து மூச்சை இழுத்தாள். பிறகு உள்ளேயிருந்து, "இரும் கணக்கரே, நான் இருக்கேன், வந்துட்டேன்" என்று ஓடி வருகிற குரல் கேட்டது, குடத்துக்குள்ளிருந்து கேட்ட குரல் குடத்தின் வாய்க்கு வந்து, அத்தோடு நின்றது.

டாக்டரம்மாவின் கையில் அவள் இருந்தாள். நீலம் பூத்து, ஈரமாக, கிழவி மாதிரி நெற்றி சுருங்கி, ஒரு கை எதையோ நீட்டுகிற மாதிரி முன்னால் நீண்டிருந்தது. அழவில்லை. எஸ்தரக்கா ஊசி போட்டுக்கொண்டே அம்மாவின் அழுத்தத்தைப் பார்த்தார், டாக்டரம்மா துணியால் முதுகைத் தேய்த்தார், குழாயால் மூக்கையும் வாயையும் சுத்தம் செய்தார், உள்ளங்காலைச் சுண்டினார். அவள் அழவில்லை. அம்மா தலையைத் தூக்கி, சத்தம் எங்கே, சத்தம் எங்கே என்று கேட்டாள். எங்களோடு இத்தனை மாதம் ஓயாமல் பேசியவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் கண்டக்டரைத் தேடினேன், ஹெட்மாஸ்டரைத் தேடினேன், கணக்கரைத் தேடினேன், தொண்டையில் ஒருவரும் இல்லை, கடைசியில் நான் யாரிடமும் அதிகம் காட்டாத, கொஞ்சம் கீச்சென்ற, என்னுடைய சொந்தக் குரல்தான் வெளியே வந்தது.

"மூத்தவளே" என்றேன். "நாந்தாண்டி, முத்தரசி."

அவள் இமை பிரிந்தது. கறுத்த, ஈரமான, இதுவரை எதையுமே பார்த்திராத இரண்டு கண்கள் குரல் வந்த பக்கம் மெல்லத் திரும்பின. அங்கே ஷட்டர் இல்லை, கடை இல்லை, நாற்காலியில் கணக்கர் இல்லை, வேலம்மாவும் பிரமாச்சியும் வரிசையும் இல்லை. பச்சை அங்கி போட்ட ஒருத்திதான் இருந்தாள், அவளுக்கு ஒரு வாய்தான் இருந்தது. என் தங்கச்சி அந்த வாயை வெகுநேரம் பார்த்தாள். பாலமும் கடலும் சுவரும் பெண்கள் வந்து சொல்லிப்போன பெயர்களும் அவளைவிட்டு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்ததை நான் அந்தக் கண்ணில் பார்த்தேன், போகிற அத்தனைக்கும் பின்னால், போகாமல், ஒன்றே ஒன்று மட்டும் மேலே எழும்பி வருவதையும் பார்த்தேன். புருவம் நெரிந்தது. கீழுதடு பிதுங்கியது. அம்மாவுக்கு அது எனக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது போல, கம்பியைப் பிடித்த கையை விடாமல், கண்ணில் தண்ணீர் வழிய வழிய, வயிறு குலுங்க, வலி எடுத்த அந்த வயிறே குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். நீட்டியிருந்த அந்தக் குட்டிக் கை மூடி முஷ்டியாகி என் முகத்தை நோக்கி உயர்ந்தது. நீலம் போய் மிளகாய்ப்பழ நிறமாகச் சிவந்து, வாயை முழுதாகத் திறந்து, ஆஸ்பத்திரி ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர, ஏமாந்துபோனவள் கத்தினாள்.